சோழவரத்துக்கு ஒரு ஹெரால்டு

கிட்டில் ஒட்டிய பழைய பிளாஸ்டிக் மாடல் காரைப் பந்தயக் காராக மாற்றப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எதையாவது ஒட்டத்தான் பார்க்கிறார்கள். பட்டை, ஸ்டிக்கர், பின்னால் ஓர் இறக்கை. சோழவரம் பந்தயத்தில் நான் பார்த்த அசல் ஹெரால்டு கார்களில் புதிதாகச் சேர்த்தது என்று அனேகமாக ஒன்றும் கிடையாது. முன் பம்பர் போயிருக்கும், பின் பம்பர் போயிருக்கும், வீல் கப் நான்கும் போயிருக்கும், உள்ளே பின் இருக்கை இருந்த இடத்தில் வெறும் தகரம் தெரியும். காலையில் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்த காரை அங்கேயே நிறுத்தி, ஸ்பேனரும் கையுமாகக் கழற்றி, கழற்றியதை ஒரு கோணிமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். 1969இல் எனக்குப் பத்து வயது. சித்தப்பா பஸ்ஸில் கூட்டிப்போயிருந்தார். கார்கள் ஓடியதைவிட அந்தக் கோணிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது; 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. ஊருக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. தெற்கில் பிறந்த கார், வடக்கில் போய் ஓடியது. அதன் மூலம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலோட்டி. நமக்கு வசதி என்னவென்றால், டிரையம்ஃப் ஹெரால்டுக்கு ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 அளவுப் பிளாஸ்டிக் கிட் உண்டு. ஸ்டியரிங் அங்கேயும் வலது பக்கம், இங்கேயும் வலது பக்கம். இரண்டு கதவு உடம்பும் நம் ஆரம்பகால ஹெரால்டுக்கு அப்படியே பொருந்தும். பெயர்ப்பட்டை மட்டும்தான் வேறு. அதையும் எப்படியும் கழற்றத்தான் போகிறோம்.

என்னிடம் இருந்தது புதுப் பெட்டி அல்ல. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா வாங்கி வந்து, 1974இல் நானே ஒட்டியது. ஒட்டியது என்பதைவிடப் பசையில் முக்கியது என்று சொல்லலாம். கூரையில் என் கட்டைவிரல் ரேகை, பிளாஸ்டிக் இளகியிருந்தபோது பதிந்தது, சுழி சுழியாகத் தெளிவாக இருந்தது. மேலே தீபாவளிக்குக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமல். இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதுக் கிட் வைத்திருப்பவர்கள் 'பிரித்தல்' பகுதியைத் தாண்டிவிடலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் 38 ஆண்டுகள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தவன். என் கருவிகள், என் பழக்கம், என் சாமான் எல்லாம் அந்தத் தொழிலுடையவை. அதற்கு மாற்று என்ன என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

பிரித்தல்

பழைய பசையில் ஒட்டிய மூட்டு இரண்டு வகை. சரியாக உருகிச் சேர்ந்திருந்தால் அது மூட்டே அல்ல, ஒரே பிளாஸ்டிக், அறுத்தால்தான் உண்டு. அரைகுறையாக ஒட்டியிருந்தால் குளிரில் விட்டுவிடும். காரை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். மீன் வைக்கிற இடத்தில் காரா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். காலையில் எடுத்தவுடன் இரு கையாலும் மெல்ல முறுக்கினால் 'டிக்' என்ற சத்தத்தோடு பிரியும். என்னுடையதில் கூரையும் அடித்தட்டும் அப்படி வந்தன. வராத இடங்களில் கத்தியை அழுத்தாதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை மூட்டில் கோத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். உராய்வுச் சூட்டில் நூல் தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு போகும். பாலியெஸ்டர் தையல் நூலும் வேலை செய்யும், ஐந்தாறு முறை அறுந்துபோகும், அவ்வளவுதான்.

பெயின்ட்டை எடுக்க டாட் 3 பிரேக் ஆயில் போதும். கண்ணாடித் துண்டுகளை எடுத்துவிட்டு, மற்றதை மூடியுள்ள டப்பாவில் ஒரு நாள் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவ வேண்டும். இரண்டு நாள் மூன்று நாள் என்று விட்டுவிடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் மொரமொரப்பாகிவிடக்கூடும். என் பச்சை எனாமல் தோல் உரிவதுபோல் வந்தது. கூரை ரேகை போகவில்லை. 400 உப்புத்தாளில் தொடங்கி 800, 1200 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பதினைந்து வயதுப் பையனின் ரேகையை அப்படியே விட்டுவைக்கலாமே என்று மகள் சொன்னாள். ரேகை உள்ள கூரையில் பெயின்ட் ஒழுங்காக உட்காராது.

கழற்றல்

ஆரம்பிக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் அளவுகளை எழுதி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஹெரால்டின் நீளம் 3886 மி.மீ.; 32ஆல் வகுத்தால் 121. அகலம் 1524, அதாவது 47.6. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2324, அதாவது 72.6. சக்கரத்தின் வளையம் 13 அங்குலம், டயரோடு சேர்த்து மாடலில் சுமார் 18 மி.மீ. விட்டம் வரும். இனி எதைச் செய்தாலும் அசல் அளவை 32ஆல் வகுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். கண் ஏமாற்றும்.

பம்பரை வெட்டி எடுப்பது ஐந்து நிமிட வேலை. எடுத்த பிறகு என்ன தெரிய வேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பம்பர் இருந்த இடத்தை வழவழவென்று தேய்த்துப் புட்டி பூசி, பம்பரே பிறக்காத காராக ஆக்கிவிடுகிறார்கள். அசல் காரில் பம்பரைக் கழற்றினால் அதைத் தாங்கிய போல்ட்டுகளின் துளைகள் இருக்கும். துளையைச் சுற்றி, பம்பருக்குப் பின்னால் பல வருடம் வெயில் படாமல் இருந்த பெயின்ட் ஒரு நிழல் போல அடர்த்தியாக இருக்கும். பானெட்டில் பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் ஊசித்துளைகள். கோணி பக்கத்தில் குந்தியிருந்த பையனுக்கு அதெல்லாம் தெரிந்தது. ஆகவே: பம்பர் தாங்கிகளின் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 0.4 மி.மீ. துளை போடுங்கள். பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் ஊசிமுனையால் ஒரே ஒரு குத்து. துளையின் ஓரத்தைத் தேய்த்து நேர்த்தியாக்காதீர்கள்.

ஹெரால்டின் பானெட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். அதன் கோடு கதவுக்குச் சற்று முன்னால் மேலிருந்து கீழே இறங்குகிறது. பழைய மாடல்களில் அந்தக் கோடு ஆழமில்லாமல் இருக்கும், பெயின்ட் அடித்ததும் மறைந்துபோகும். ஊசியால் நான்கைந்து தடவை மெதுவாக இழுத்து ஆழப்படுத்துங்கள்.

வீல் கப் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் மாடலில் கப்பும் சக்கரமும் ஒரே வார்ப்பு. லேபில் அக்ரிலிக் பல் செட்டைக் குடைந்து பழகிய கை. மைக்ரோமோட்டார் என்கிற குடையும் கருவியில் பர் என்கிற உருண்டைக் குடைமுனையை மாட்டி, வழக்கமான வேகத்தில் வைத்தேன். பல் செட் அக்ரிலிக் தூளாக உதிரும். இந்தப் பிளாஸ்டிக் உதிரவில்லை, உருகியது. அரை நொடியில் சக்கரத்தின் நடு, மென்று துப்பிய சூயிங் கம் ஆனது. மீதி மூன்று சக்கரங்களுக்கும் அதே பரை விரலால் பிடித்துக் கையாலேயே திருகினேன். ஒரு சக்கரத்துக்கு இருபது நிமிடம். போனதற்குப் பதிலாக, நன்றாக வந்த ஒன்றை அச்செடுத்து இன்னொன்று வார்த்துக்கொண்டேன். குடைந்த குழிக்குள் நான்கு போல்ட் வைக்க வேண்டும். ஹெரால்டுக்கு நான்குதான், ஐந்து அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சீவி நான்கு புள்ளிகள் ஒட்டினால் போதும்.

பின் அச்சு

ஹெரால்டு மாடலைப் பந்தயத்துக்காகத் தாழ்த்துகிறவர்கள் நான்கு சக்கரங்களையும் நேராக நிறுத்தித் தாழ்த்துகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ஏதோ பொய் என்று தெரியும், என்னவென்று சொல்ல வராது. காரணம் அந்தக் காரின் பின் அச்சு. அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே தண்டு அல்ல. நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, காரின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைந்து நிற்கும். அதன் இரு பக்கமும் கீல் போட்ட கதவு போல அரை அச்சுகள் மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே பட்டை வில். வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடங்கும். ஹெரால்டு ஓட்டியவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அதனால்தான் பந்தயத்துக்கு வில்லைத் தட்டையாக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்துவது. தாழ்த்தினால் நடு இறங்கும், அரை அச்சுகளின் வெளி நுனிகள் அதைவிட உயரத்தில் நிற்கும், சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாயும்.

மாடலில் செய்வது இப்படி. உடம்பை 1.5 மி.மீ. தாழ்த்துங்கள், அசலில் அது 48 மி.மீ. கிட்டில் வந்த பின் அச்சை எறிந்துவிடுங்கள். 1 மி.மீ. ஸ்டீல் கம்பியில் நடுவே மிக லேசாக ஒரு வளைவு, ஓரங்கள் மேலே வரும்படி. எனக்குப் பல் கிளிப் வளைக்கும் குறடு இருந்தது, மூக்குக்குறடு போதும். எவ்வளவு வளைக்க வேண்டும்? சக்கரத்துக்கு 3 டிகிரி. டிகிரியெல்லாம் அளக்க வேண்டாம். கம்பியைக் கண்ணாடிமேல் நடுவைத் தொடும்படி வைத்தால், நடுவிலிருந்து 19 மி.மீ. தூரத்தில் உள்ள நுனி கண்ணாடியிலிருந்து சரியாக 1 மி.மீ. எழும்பியிருக்க வேண்டும். ஒரு ஏ.டி.எம். கார்டின் தடிமனைவிடச் சற்று அதிகம். அடியில் கார்டைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பியை அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பசை உலோகத்தைப் பிடிக்காது. சக்கரம் மாட்டியதும் டயரின் உள் ஓரம் மட்டும் தரையைத் தொடும், கார் ஊசிமேல் நிற்பதுபோல் இருக்கும். அந்த ஓரத்தை அரத்தால் நான்கு தேய்ப்பு. இப்போது டயர் தரையில் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் 1 மி.மீ. தாழ்த்தினால் போதும், சாய்க்க வேண்டாம்.

இதைச் செய்து முடித்து, பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்காக மேஜைமேல் வைத்தபோதே அது பந்தயக் காராகிவிட்டது. மீதியெல்லாம் நகை.

கண்ணாடி

ஐம்பது வருடக் கண்ணாடித் துண்டு மஞ்சளாகியிருக்கும், பசை வழிந்திருக்கும். பாலிஷ் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகள் தட்டை, ஓ.எச்.பி. ஷீட் என்கிற மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டினால் ஆயிற்று. ஓட்டுநர் பக்கம் இறக்கி விட்டதாக வைத்துக்கொண்டு காலியாகவே விடுங்கள்.

முன் கண்ணாடிதான் வளைவு. நான் செய்தது பல் செட் வழி. பழைய கண்ணாடியின் வெளிப்புறத்தை ஆல்ஜினேட்டில் (பல் அச்செடுக்கும் பசை) அச்செடுத்து, அந்த அச்சில் டென்டல் ஸ்டோன் (கல்போல இறுகும் மாவுக் கரைசல்) ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் கல்லாலான முன் கண்ணாடி கிடைத்தது. அதன் முகத்தை அரை மில்லிமீட்டர் தேய்த்துக் குறைத்தேன். மேலே படியப்போகும் தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர், குறைக்காவிட்டால் கண்ணாடி சட்டத்துக்கு வெளியே துருத்தும். பிறகு காற்றை உறிஞ்சித் தகட்டை அச்சின்மேல் படியவைக்கும் லேபின் வேக்குவம் மெஷினில் 0.5 மி.மீ. தெளிவான தகட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்தேன். இரண்டாவது தகடு சரியாக வந்தது. முதலாவதில் ஒரு குமிழி. உங்களிடம் இந்த மெஷின் இருக்காது. ஆனால் உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு டென்டல் லேப் கட்டாயம் இருக்கும். மதிய வேளையில் போங்கள். நாள் முழுக்கப் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், கார் என்றால் உற்சாகமாகச் செய்துதருவார்கள்.

உள்ளே செய்ய அதிகமில்லை. பின் இருக்கையை எடுங்கள், முன்னால் பயணி இருக்கையையும் எடுங்கள். தரையில் விரிப்பு கிடையாது. கார் நிறத்தையே அடியுங்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக்குழாய்க் கூண்டு வைக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்த காரில் அது இல்லை, நானும் வைக்கவில்லை.

பெயின்ட்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடைகள் உண்டு. எங்கள் தெரு டாக்டர் வைத்திருந்த ஹெரால்டின் வெளிர்நீலத்தை நினைவிலிருந்து சொல்லிக் கலக்கச் சொன்னேன். அதில் பத்தில் ஒரு பங்கு வெள்ளையை நானே சேர்த்தேன். பெரிய காரில் சரியாக இருக்கும் நிறம் கையடக்கக் காரில் இருண்டு தெரியும்.

கார் பெயின்ட்டின் தின்னர் இந்தப் பிளாஸ்டிக்குக்கு எமன். அவசரப்பட்டு முதல் பூச்சை ஈரமாக அடித்தேன். கூரை முழுக்க, கோடையில் வற்றிய சோழவரம் ஏரி போல வெடித்தது. திரும்பவும் உப்புத்தாள். சரியான முறை: முதலில் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர், இரண்டு பூச்சு, ஒரு நாள் காயல். அதன்மேல் நீலத்தை ஓர் அடி தள்ளி நின்று, பனி விழுவதுபோல் தூவ வேண்டும். முதல் இரண்டு தூவலில் பிரைமர் இன்னும் தெரிய வேண்டும். பத்து நிமிட இடைவெளியில் ஐந்தாறு தூவல். கம்ப்ரசர் இருந்தால் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகமூடி போடுங்கள்; தின்னர் வாசனைக்குப் பழகிவிட்டேன் என்று சொல்கிற பெயின்டர்களின் இருமலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பம்பர் துளைகளைச் சுற்றிய அடர்ந்த நிழலுக்கு, வெள்ளை சேர்க்காத அதே நீலத்தைக் கொஞ்சம் எடுத்துவைத்துச் சிறு தூரிகையால் மெல்லப் பூசினேன்.

கதவில் எண். வெள்ளை வட்டம் அசலில் ஒன்றரை அடி என்று வைத்தால் மாடலில் 14 மி.மீ. மாஸ்கிங் டேப்பில் காம்பஸால் வெட்டி எடுத்த ஓட்டையின் வழியே மங்கல் வெள்ளை. எண்ணைக் கம்ப்யூட்டரில் அச்சடித்த ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். அன்று எண்ணை யாரோ கையால்தான் எழுதினார்கள். 2இன் வயிறும் 7இன் கையும் கதவுக்குக் கதவு மாறின. மூன்று பூஜ்யம் (000) எண் மெல்லிய தூரிகையில் கறுப்பு எடுத்து, மூச்சை விட்டுவிட்டு, ஓர் எண்ணை ஓர் இழுப்பில் எழுதுங்கள். கொஞ்சம் கோணினால் நல்லது. முன்னால் எம்.எஸ். என்று தொடங்கும் மதராஸ் எண் பலகையை எடுக்க வேண்டாம். திரும்பி வீட்டுக்கு ரோட்டில்தானே போக வேண்டும்.

முன் விளக்குகளின்மேல் டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டுவது, கல் பட்டு உடைந்தால் சில்லு தடத்தில் சிதறாமலிருக்க. 0.4 மி.மீ. அகலத்தில் மாஸ்கிங் டேப்பைக் கீறி ஒட்டுங்கள். சைலன்சர் குழாய்க்கு 18 கேஜ் இன்ஜெக்ஷன் ஊசி. அதன் வெளிவிட்டம் 1.27 மி.மீ., 32ஆல் பெருக்கினால் 40 மி.மீ. குழாய். கூர்முனையை முதலில் வெட்டி எறியுங்கள், வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். ஓடும்போது பானெட் திறந்துகொள்ளாமல் கட்டும் தோல் பட்டைக்கு, பல் எக்ஸ்ரே ஃபிலிம் உறைக்குள் இருக்கும் ஈயத்தாள். காகிதம் போல வெட்டலாம், வளைத்த இடத்தில் நிற்கும், தோல் மாதிரியே சுருங்கும். 0.8 மி.மீ. அகலம், பானெட்டின் பின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்று. பக்கிளுக்கு, அறுந்துபோன இயர்ஃபோன் வயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழை. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம்.

டயர் முழுக்கறுப்பு கூடாது. கறுப்பில் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி பழுப்பு. டயரில் எம்.ஆர்.எஃப். என்று எழுதலாமா என்று பேரன் கேட்டான். ஓர் அங்குல எழுத்து இங்கே முக்கால் மில்லிமீட்டர். எழுதித் தா பார்க்கலாம் என்று தூரிகையைக் கொடுத்தேன், போய்விட்டான்.

கடைசியாகப் புழுதி. பழுப்பு நிறச் சுண்ணாம்புக்கட்டியைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, உலர்ந்த தூரிகையால் சக்கரங்களுக்குப் பின்னாலும் அடி ஓரத்திலும் தட்டுங்கள். கூரைக்கும் பானெட்டுக்கும் வேண்டாம். காலையில் துடைத்துவிட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள். தூளின்மேல் வார்னிஷ் அடித்தால் புழுதி மறைந்து கறை ஆகிவிடும், ஆகவே அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

வெட்டி எடுத்த பம்பர் இரண்டையும் பின் இருக்கையையும் நான் குப்பையில் போடவில்லை. ஒரு சாண் கோணித்துணி கிடைக்காததால் பழைய கைக்குட்டையில் ஒரு மூலையை வெட்டி, தேநீரில் நனைத்துக் காயவைத்து, காரின் இடது பக்கம் விரித்து, அதன்மேல் அவற்றை அடுக்கியிருக்கிறேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் முன் திரும்ப மாட்ட வேண்டுமல்லவா.